கஞ்சா வழக்கில் தண்டனை ஆகிவிட்டது: அப்பீலில் எதைப் பிடிப்பது?

ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு மாலை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் தம்பியோடு நாகர்கோவிலில் உள்ள என் ஆபீசுக்கு வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு பாலித்தீன் கவர், அதற்குள் தீர்ப்பு நகல். அவர் முழுக்க நனைந்திருந்தார், தாள் ஒன்றுகூட நனையவில்லை.

மகனுக்கு 23 வயது. பஸ் நிறுத்தத்தின் அருகே 1.100 கிலோ கஞ்சாவை விற்பனைக்கு வைத்திருந்தான் என்று வழக்கு. 4 ஆண்டு கடுங்காவல், 40,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம். பையனைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணைக் காலத்திலேயே ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "மேல போனா தண்டன கூடிருமா சாரே?"

தம்பியின் கேள்வி வேறு. "ஒரு வருஷம் கழிஞ்சாச்சு. மிச்சத்தையும் இருந்துட்டு வந்தா என்ன? அப்பீலுக்குப் போடுற காச வச்சு அவனுக்கு ஒரு தொழில் வச்சுக் குடுக்கலாம்லா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்த மாவட்டத்தில் கஞ்சா வழக்கில் தண்டனை ஆன பிள்ளைகளின் குடும்பம் எது வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் இருப்பதில்லை. முடிவெடுக்க ஹைகோர்ட் அப்பீலுக்கு 60 நாள்தான். நகலுக்கு விண்ணப்பித்து வாங்கும்வரை ஆன நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள வழக்கை மாஜிஸ்திரேட் விசாரித்துத் தண்டித்திருந்தால் அப்பீல் நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு, அதுவும் 30 நாளுக்குள். அதற்கு மேற்பட்ட அளவு என்றால் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு, அப்பீல் ஹைகோர்ட்டுக்கு. நமக்கு அது 2004-இல் திறந்த மதுரைக் கிளை, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரம்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் உண்டு. தண்டனை பெற்றவர் போடும் அப்பீலில் அந்தத் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 427-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக அப்பீல் போட வேண்டும், அல்லது ஹைகோர்ட் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். மறுவிசாரணைக்கு அனுப்ப இடம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அடுத்தது தம்பியின் யோசனை, அதாவது அப்பீல் போடாமல் இருந்துவிடுவது. ஏற்கெனவே இருந்த நாட்கள் தண்டனையில் கழியும், அது சரி. ஆனால் மற்ற வழக்குகளில் சிறைக்குள் நல்லபடியாக இருந்தால் கிடைக்கிற கழிவு இதில் இல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ பிரிவு அதை அடைத்துவிட்டது. 4 ஆண்டு என்றால் 4 ஆண்டுதான். இதோடு இன்னொரு செலவும் இருக்கிறது, அது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டால், நாளைக்கு இன்னொரு வழக்கு வந்து அதிலும் தண்டனை ஆனால், 31-ஆம் பிரிவின்படி உச்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். பாஸ்போர்ட்டும் சிக்கல். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு 5 ஆண்டு வரை பாஸ்போர்ட் மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமா? தம்பி சொன்ன அந்தத் "தொழில்" பெரும்பாலும் விசாவாகத்தான் இருக்கும்.

ஆகவே அப்பீல் போடுவது என்று வைத்துக்கொள்வோம். எதைச் சொல்லிப் போடுவது? மூன்று பாதைகள் இருக்கின்றன: தண்டனையைக் குறைக்கக் கேட்பது, நடைமுறைத் தவறைப் பிடிப்பது, சாட்சியத்தின் கனத்தை, அதாவது அது தண்டனையைத் தாங்குமா என்பதைப் பிடிப்பது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதலாம், எழுதத்தான் செய்கிறோம். ஆனால் வாதம் நடக்கும் நாளில் நீதிபதியின் கவனம் கிடைப்பது கொஞ்ச நேரம். முதல் 10 நிமிடம் எதைப் பேசுவது என்பதுதான் கேள்வி.

குறைக்கக் கேட்பது சுலபமான வழி. சின்ன வயது, முதல் வழக்கு, அப்பா இல்லாத வீடு. ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோ வரையிலான கஞ்சாவுக்கு 10 ஆண்டு வரை என்றுதான் சட்டம் சொல்கிறது, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. அதனால் இருந்த காலத்தோடு விட்டுவிடுங்கள் என்று கேட்க வழி உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அங்கே இந்த வாதத்துக்கு உயிரில்லை. "நன்னடத்தையில் விடச் சொல்லுங்க" என்று பலர் கேட்பார்கள். 18 வயது தாண்டியவர்களுக்கு 33-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இந்தப் பாதையை மட்டும் பிடித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. முன்னே சொன்ன பாஸ்போர்ட்டும் ஒன்றரை மடங்கும் அப்படியே நிற்கும். இதை மனுவின் கடைசிப் பத்தியில் மாற்றுக் கோரிக்கையாக வைப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

நடைமுறைத் தவறுதான் டீக்கடை வரை பேர்போன பாதை. "50-ஆம் பிரிவைப் பின்பற்றலேன்னா கேஸ் நிக்காது" என்று சிறைக்குள்ளேயே பாடம் நடக்கிறது. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க உரிமை உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்பதே அந்தப் பிரிவு. 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வுகள் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது உண்மை. ஆனால் அது உடலுக்கு மட்டும்தான். கையிலிருந்த பைக்கு இல்லை. 2005-இல் பவன் குமார் வழக்கில் சொன்னதை 2023-இல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கிலும் உறுதி செய்துவிட்டார்கள். நம்ம ஊர் வழக்குகளில் கஞ்சா பெரும்பாலும் பையில்தான் இருக்கிறது.

52ஏ பிரிவும் இப்படித்தான். பிடித்த சரக்கை மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலிட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று 2016-இல் மோகன்லால் வழக்கில் சொன்னார்கள். 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன யூசுப் வழக்கில் அதைச் செய்யாததால் விடுதலையே கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடினோம். 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே வழக்கில் சுப்ரீம் கோர்ட் நிதானப்படுத்திவிட்டது: 52ஏ மீறல் மட்டுமே வழக்கைக் கவிழ்க்காது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கும். பிடித்தவரே புலன்விசாரணை செய்தால் வழக்கு போச்சு என்ற 2018 தீர்ப்பும் 2020-இல் முகேஷ் சிங் வழக்கில் ரத்தாகிவிட்டது. இந்தப் பாதையில் காலடி மண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்று விடுதலை வாங்கித் தந்த வாதம் நாளைக்கு ஒரு வரியில் தள்ளுபடியாகலாம்.

42-ஆம் பிரிவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பலம் உண்டு. வீட்டிலோ கட்டடத்திலோ பிடித்த வழக்கு என்றால், கிடைத்த தகவலை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா என்று பார்க்க வேண்டும். அடியோடு செய்யாவிட்டால் தவறு, தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மன்னிப்பு என்பது 2009-இன் கர்னைல் சிங் தீர்ப்பு. பொது இடத்தில் பிடித்தால் 43-ஆம் பிரிவு வந்துவிடும், 42-ஐப் பேச முடியாது.

நான் பிடிக்கச் சொல்வது மூன்றாவது பாதையை. ஆனால் சாட்சியத்தின் கனம் என்றதும் குடும்பங்கள் நினைப்பது ஒன்று, கோர்ட் பார்ப்பது வேறொன்று.

மகஜரை, அதாவது சரக்கைப் பிடித்த இடத்தில் எழுதும் பறிமுதல் பதிவை, வைத்துத் தம்பி கேட்டார்: "சாட்சின்னு வந்தவனுவ எல்லாம் போலீஸ்காரனுவ. மகஜர்ல கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் தெரியாதுன்னு சொல்லிட்டானுவ. பின்ன எப்பிடி தண்டன?" அப்படித்தான் தண்டனை வரும். சாட்சிகளின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, தரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1957-இல் நம் மாகாணத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரே ஒரு சாட்சியை நம்பி கொலைத் தண்டனையை உறுதிதான் செய்தார்கள், அதையும் மறக்கக் கூடாது. போலீஸ் சாட்சி என்பதற்காகவே தள்ள முடியாது. பொதுச் சாட்சி பிறழ்ந்தார் என்பதற்காகவே வழக்கு சாயாது.

அம்மா சொன்னது இன்னொன்று. "அவன் வித்ததில்ல சாரே. கைல இருந்துது, அவ்வளவுதான்." பெற்ற வயிறு பேசுகிறது, புரிகிறது. ஆனால் 20-ஆம் பிரிவில் வைத்திருந்தாலும் விற்றாலும் கொண்டுபோனாலும் ஒரே தட்டுதான். தண்டனையை முடிவு செய்வது அளவு. விற்றதற்குச் சாட்சி இல்லை என்று மணிக்கணக்கில் வாதாடினாலும் ஒரு நாள்கூடக் குறையாது. அப்பீல் மனுக்களில் பக்கம் பக்கமாக இதை எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

பின்னே எது கனம்? தாளுக்குத் தாள் ஒத்துப் பார்க்க வேண்டும். சாட்சி கூண்டில் எப்படி நின்றார், தடுமாறினாரா என்பதை விசாரணை நீதிபதி நேரில் பார்த்தவர். அதில் ஹைகோர்ட் லேசில் கை வைக்காது. ஆனால் மகஜரில் ஓர் எடை, ஆய்வறிக்கையில் ஓர் எடை, கோர்ட்டுக்குச் சரக்கு வந்த தேதி ஒன்று என்று இருந்தால் அதைப் படிக்க யாரும் யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் சகலை, அங்கெல்லாம் மேல்கோர்ட் சாட்சியத்தைத் திரும்ப எடை போடுவது ரொம்ப அபூர்வம் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார். அங்கே ஜூரி உண்டு, ஒஹையோ மாநிலத்தில் ஜூரி முடிவைக் கனத்தின் பேரில் கவிழ்க்க மூன்று நீதிபதிகளும் ஒத்துப்போக வேண்டும். நமக்கு அந்தத் தடை இல்லை. முதல் அப்பீலில் ஹைகோர்ட் முழுச் சாட்சியத்தையும் முதலிலிருந்து படித்துத் தன் முடிவுக்கு வரலாம், வரவும் வேண்டும்.

அந்த மாலையில் மேசையில் தாள்களைப் பரப்பினேன். மகஜர், அதாவது அரசுத் தரப்பு சான்றாவணம் 2, கையெழுத்துப் பிரதியில் இப்படி இருந்தது: "மேற்படி கட்டைப்பையுடன் எடை போட்டுப் பார்க்க 1.100 கிலோ இருந்தது." அடுத்த வரியில் தலா 50 கிராம் வீதம் இரண்டு மாதிரி எடுத்ததாகவும் மீதி 1.000 கிலோ என்றும் இருந்தது. தராசு பக்கத்துக் கடையிலிருந்து வாங்கியதாம். எந்தக் கடை என்று இல்லை, கடைக்காரர் சாட்சியும் இல்லை.

"கட்டைப்பையுடன்." நான் அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தேன். துணிக்கடையில் கொடுக்கிற, மரக்கைப்பிடி போட்ட தடித்த பை. குமாஸ்தாவை எதிர்த்த பலசரக்குக் கடைக்கு அனுப்பி, வெறும் கட்டைப்பை ஒன்றைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 140 கிராம். அது சாட்சியமாகாது, என் மனத் திருப்திக்குத்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1.100-இல் 140 போனால் 960 கிராம். ஒரு கிலோவுக்குக் கீழே. அதாவது சிறு அளவு. சிறு அளவுக்கு உச்சத் தண்டனையே ஓர் ஆண்டுதான். பையன் அதற்கு மேல் ஏற்கெனவே இருந்துவிட்டான்.

முழு விடுதலை கிடைக்காவிட்டாலும் அளவு இறங்கினாலே அவன் வெளியே வந்துவிடுவான். அபராதமும் 10,000-க்கு மேல் போகாது. போதைக்கு அடிமையானவர் என்றால் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவில் வழியும் திறக்கும்.

அரசு வக்கீல் 2020-இன் ஹீரா சிங் தீர்ப்பைக் காட்டுவார் என்று தெரியும். போதைப்பொருளோடு கலந்த மற்றப் பொருளின் எடையையும் சேர்க்க வேண்டும் என்றது அது. ஆனால் பை கலவை இல்லை, பொதிதான். பொதியைச் சரக்கில் சேர்க்க அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இலையும் தண்டும் சேர்ந்த எடை என்ற வாதத்தையும் பார்த்தேன். சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. இலையும் விதையும் நுனியோடு சேராமல் இருந்தால்தான் விலக்கு. இந்த ஆய்வறிக்கையில் நுனிப்பூ இருந்ததாக எழுதியிருந்தது. அதனால் அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை. பலவீனமான ஒன்றைச் சேர்த்தால் பலமான ஒன்றும் சேர்ந்து வெளுத்துப்போகும்.

மேலும் தோண்டினோம். சரக்கு கோர்ட்டுக்கு வந்தது பிடித்த 19-ஆம் நாள். இடையில் ஸ்டேஷனில் யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்ல ரைட்டர் சாட்சிக் கூண்டுக்கு வரவில்லை, பொருள் பதிவேடும் ஆவணமாகவில்லை. மகஜரில் சீல் வைத்ததாக இருக்கிறது, எந்த முத்திரை என்று இல்லை. ஆய்வறிக்கை ஒரு முத்திரையின் எழுத்தைச் சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல் போடவே இல்லை. இங்கேதான் இரண்டாவது பாதை மூன்றாவதுக்குள் வந்து சேர்கிறது. 52ஏ மீறல் தனியே நின்றால் நிற்காமல் போகலாம். ஆனால் எடை சந்தேகத்தில் இருக்கிறது, அதைத் தீர்த்து வைத்திருக்கக் கூடிய ஒரே காகிதம் மாஜிஸ்திரேட்டின் சான்று, அதுவும் இல்லை என்று சொல்லும்போது அதே மீறல் கனமாகிறது. மாதிரி 50 கிராமுக்குப் பதில் ஆய்வகத்தில் 46 என்றிருந்ததைப் பெரிதாக்கவில்லை. பச்சையாக இருந்தால் காய்ந்து குறையும், எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்வார்.

சட்டம் 35, 54-ஆம் பிரிவுகளில் குற்றவாளிதான் என்று அனுமானம் எடுக்கிறதே என்று கேட்பார்கள். அந்த அனுமானம் தொடங்குவதற்கு முன் சரக்கு இருந்தது, அது இதுதான் என்ற அடிப்படையை அரசு நிரூபித்தாக வேண்டும். 2008-இன் நூர் அகா தீர்ப்பு அதற்குத்தான்.

விசாரணைக் கோர்ட்டில் பையின் எடையைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியும் இல்லை. அது குறைதான். ஆனாலும் "கட்டைப்பையுடன்" என்று எழுதியது அரசுத் தரப்பின் ஆவணம், அதைப் படிக்கக் கேள்வி தேவையில்லை. வாசகர்களில் யாருக்காவது விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தால், இன்றைக்கே வக்கீலிடம் மகஜரின் எடை வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லா வழக்குக்கும் இது பொருந்தாது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல், படம், மாதிரி, மூன்று நாளில் கோர்ட்டில் சரக்கு, எடை 5 கிலோ என்று தாளெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால், கனத்தைப் பேசி நேரம் வீணாக்காமல் தண்டனைக் குறைப்பைக் கேட்பதே நல்லது என்று நானே சொல்வேன். கஞ்சாவால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கெட்டுப்போவதைக் குழித்துறையிலும் குளச்சலிலும் கண்ணால் பார்க்கிறவன் நான். சரியாக நிரூபித்த தண்டனையில் எனக்கு வருத்தமில்லை. 960 கிராமுக்கு 1.100-இன் தண்டனையை ஒரு பையன் சுமக்கக் கூடாது என்பதில் பிடிவாதம் உண்டு.

அப்பீலைவிட அவசரமானது தண்டனை நிறுத்த மனு, அதாவது அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்து வெளியே விடச் சொல்லும் மனு. ஹைகோர்ட்டில் இறுதி விசாரணைக்கு வருடங்கள் ஆகலாம். பையன் உள்ளேயே இருந்தால் தீர்ப்பு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும். 32ஏ பிரிவு இதையும் தடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். 2000-இல் தாது வழக்கில் சுப்ரீம் கோர்ட் கோர்ட்டின் அந்த அதிகாரத்தை மீட்டுக் கொடுத்துவிட்டது. 20 கிலோவுக்கு மேற்பட்ட வழக்கில் 37-ஆம் பிரிவின் கடும் நிபந்தனை குறுக்கே நிற்கும். இடைப்பட்ட அளவில் அது இல்லை. எடைக் குழப்பம் போல ஒரு வரியில் சொல்லக் கூடிய வலுவான காரணம் இருந்தால் நிறுத்த மனுவிலேயே அது வேலை செய்யும். இந்தப் பாதையை நான் முன்னே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவைப் பற்றி. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். நாகர்கோவிலில் மாவட்ட ஆணைக்குழுவிலோ மதுரையில் ஹைகோர்ட் குழுவிலோ கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறை அதிகாரி மூலமாகவே அப்பீலை அனுப்பலாம். காசு கொடுத்து வைத்தாலும் இலவசமாக வந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வக்கீல் தீர்ப்பை மட்டும் படிக்கிறாரா, மகஜரையும் சாட்சி வாக்குமூலங்களையும் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? தாலியை அடகு வைத்துப் பெரிய பெயரைத் தேடி ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அந்த அம்மா அப்பீல் போடச் சொன்னார். 41-ஆம் நாள் மதுரையில் பதிவானது. முதல் காரணமாக எடை, இரண்டாவதாக 19 நாள், மூன்றாவதாக மாஜிஸ்திரேட் பட்டியல் இல்லாதது, கடைசியில் தண்டனைக் குறைப்பு. நிறுத்த மனுவை அனுமதித்து, மாதத்தின் முதல் வேலை நாளில் விசாரணைக் கோர்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி விட்டார்கள். அப்பீல் இன்னும் பட்டியலுக்கு வரவில்லை. பையன் மாமனோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறான். கையெழுத்து நாளில் மட்டும் விடியலுக்கு ரொம்ப முன்னமே தலைவிளக்கை மாட்டிக்கொண்டு வெட்டி முடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறான்.